லான்: புல்வெளியா, புற்றரையா?

விம்பிள்டன் போட்டியை நடத்தும் கழகத்தின் பெயரிலேயே ‘லான் டென்னிஸ்’ இருக்கிறது. இந்த ‘லான்’ என்பதைத் தமிழில் பலரும் புல்வெளி என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை; ஆடுதளத்துக்குப் புற்றரை (புல்+தரை) என்பதே பொருந்தும்.

பழைய பிரெஞ்சில் ‘லாந்த்’ என்றொரு சொல் உண்டு. காட்டுக்கு நடுவே மரமின்றித் திறந்து கிடக்கும் இடம் என்று பொருள். அதுவே ஆங்கிலத்துக்குப் போய், ஈற்றெழுத்தை இழந்து ‘லான்’ ஆனது. நீலகிரியில் சோலைக்காடுகளுக்கு இடையே புல் மட்டும் படர்ந்திருக்குமே, அந்த மாதிரி இடம். இந்தப் பழம்பொருளுக்குப் புல்வெளி மிகப் பொருத்தம். பின்னாளில் மாளிகைகளைச் சுற்றி ஒட்ட வெட்டி வளர்த்த புல்லுக்கு அந்தப் பெயர் நகர்ந்தது. 1830-இல் எட்வின் பட்டிங் புல்வெட்டும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, வழுவழுப்பான புல்தளம் எளிதாயிற்று.

பழைய டென்னிஸ் சுவர் சூழ்ந்த கூடத்துக்குள் ஆடியது. 1874-இல் வால்டர் விங்ஃபீல்டு திறந்தவெளி ஆட்டத்துக்குக் காப்புரிமை வாங்கியபோது, இரண்டையும் பிரித்துக் காட்ட ‘லான்’ என்ற அடைமொழி தேவைப்பட்டது. 1877-இல் விம்பிள்டன் தொடங்கியது.

வெளி என்றால் பரந்து கிடப்பது, மாடு மேயலாம். தரை என்றால் மட்டம் பார்த்து, உருளை ஓட்டி, மனிதர் உண்டாக்கியது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு விம்பிள்டனில் ஆடிய விதத்தைப் பார்த்தால் இந்த வேறுபாடு விளங்கும். போரால் நின்றிருந்த போட்டி 1946-இல் மீண்டும் நடந்தது. பிரான்சின் இவோன் பெத்ரா வென்றார். முழுநீளக் கால்சட்டை அணிந்து ஆடவர் பட்டம் வென்றவர்களில் கடைசி ஆள் அவர்தான்.

அடுத்த ஆண்டு அரைக்கால்சட்டையோடு வந்த ஜாக் கிரேமர் இறுதி ஆட்டத்தை 6-1, 6-3, 6-2 என்று முடித்தார். ஒட்ட வெட்டிய புல்லில் பந்து வழுக்கிக்கொண்டு தாழ எழும்பும். அதனால் சர்வீஸ் போட்ட கையோடு வலைக்கு ஓடி வந்து, பந்து தரையைத் தொடும் முன்பே அடித்துவிடுவது அவர் பாணி. போருக்குப் பிந்தைய விம்பிள்டனில் அந்தப் பாணியே ஓங்கி நின்றது. அது முழுக்கத் தரையின் குணம். அந்தத் தரையில்தான் நம் ராமநாதன் கிருஷ்ணன் 1954-இல் சிறுவர் பட்டம் வென்றார். அதை வென்ற முதல் ஆசியர் அவர். அசுர வேக சர்வீஸ் இல்லாமல், மென்மையான கைத்திறனையே நம்பி ஆடியவர் அவர் என்பதை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. 1960, 1961 இரண்டு ஆண்டும் அரையிறுதி வரை போய், அந்தந்த ஆண்டில் பட்டம் வென்ற நீல் ஃப்ரேசரிடமும் ராட் லேவரிடமும்தான் தோற்றார்.

ஆகவே ஆடுதளத்தைக் குறிக்கும்போது புற்றரை என்பதே சரி. கல்+தூண் கற்றூண் ஆவதுபோல் புல்+தரை புற்றரை. நாளிதழ்கள் சந்தி பிரித்துப் புல்தரை என்று எழுதுகின்றன. பொருள் பிசகவில்லை என்பதால் அதையும் குறை சொல்லமாட்டேன். புற்றரை ஆடுகளம், புற்றரைப் போட்டி என்று தாராளமாக எழுதலாம்.

ஆட்டத்தின் பெயராக வரும் ‘லான் டென்னிஸ்’ வேறு சங்கதி. பாரிஸில் செம்மண் தளத்தில் ஆடியதும் லான் டென்னிஸ்தான். அடைமொழி அதற்குள் பொருளிழந்துவிட்டது. சர்வதேசக் கூட்டமைப்பே 1977-இல் ‘லான்’ என்பதைத் தன் பெயரிலிருந்து நீக்கிவிட்டது. அங்கே புற்றரையும் வேண்டாம், புல்வெளியும் வேண்டாம். டென்னிஸ் என்றோ வரிப்பந்தாட்டம் என்றோ எழுதினால் போதும்.