டீச்சர் பாதியில் எழுந்து போனால்...

“யூகேஜியில் ஆயிரம் கேள்வி கேட்ட பையன், மூன்றாம் வகுப்பில் வாயே திறப்பதில்லை. படைப்பாற்றலைப் பள்ளிக்கூடம்தான் கெடுக்கிறதா? மிட்பிரெயின் ஆக்டிவேஷன் வகுப்பில் சேர்க்கலாமா?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

இரண்டாவது கேள்விக்குப் பதில்: வேண்டவே வேண்டாம். நடுமூளையைத் தூண்டிவிட்டால் பிள்ளை கண்ணைக் கட்டிக்கொண்டே வாசிக்கும் என்று விளம்பரம் செய்யும் வகுப்பு அது. கண்ணைக் கட்டிக்கொண்டு புத்தகம் வாசிக்கும் பிள்ளைகள் மூக்கோரத்து இடுக்கு வழியாகத்தான் பார்க்கிறார்கள். அந்தக் காசில் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் பழைய ரேடியோவும் வாங்கிக் கொடுங்கள்.

முதல் கேள்விதான் சுவாரசியமானது. ஜெர்மன் உளவியலாளர் கார்ல் டுங்கரின் புகழ்பெற்ற புதிர் ஒன்று உண்டு. மெழுகுவத்தி, தீக்குச்சிகள், ஒரு டப்பா நிறைய டிராயிங் பின். மெழுகுவத்தியைச் சுவரில் நிறுத்த வேண்டும். டப்பாவைக் காலி செய்து, பின் குத்திச் சுவரில் மாட்டினால் அதுவே தாங்கி. டப்பா என்றால் பின் வைப்பதற்கு மட்டும்தான் என்று மனம் முடிவு கட்டிவிடுவதால், பலருக்கு இது சட்டென்று தோன்றாது. டப்பாவைக் காலியாகக் கொடுத்தால் எளிதில் போட்டுவிடுவார்கள். இதே பாணியில் பிள்ளைகளுக்கு வைத்த சோதனையில் 6, 7 வயதுக்காரர்கள் தடுமாறினார்கள். 5 வயதுக் குழந்தைகளை நிரம்பிய டப்பா குழப்பவில்லை. ஆக, வயது ஏறுவதிலும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. பழி முழுவதும் பள்ளிக்கூடத்துக்கு இல்லை.

பள்ளியின் பங்கு என்ன? உளவியலாளர்கள் எலிசபெத் போனாவிட்ஸ், லாரா ஷுல்ஸ் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. குழாய்களை இணைத்து ஒரு பொம்மை செய்தார்கள். மஞ்சள் குழாயை இழுத்தால் கீச்சென்று கத்தும். இன்னொரு குழாய்க்குள் விளக்கு ஒளிந்திருக்கும். ஓரிடத்தில் அழுத்தினால் இசை. ஒரு மூலையில் முகத்தைத் தலைகீழாகக் காட்டும் கண்ணாடி.

சில குழந்தைகளிடம், “இது என் பொம்மை, எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிறேன் பார்” என்று சொல்லி, கீச்சொலியை மட்டும் செய்து காட்டிவிட்டு விளையாட விட்டார்கள். அவர்கள் மஞ்சள் குழாயையே திரும்பத் திரும்ப இழுத்தார்கள், சீக்கிரம் அலுத்துவிட்டது. வேறு சிலர் முன்னால், ஏதோ தற்செயலாகக் கை பட்டதுபோல அதே சத்தத்தை எழுப்பினார்கள். இந்தக் குழந்தைகள் பொம்மையைக் குடைந்து, மற்ற வித்தைகளையும் அதிகமாகக் கண்டுபிடித்தார்கள்.

முதல் கூட்டம் மந்தமா? இல்லை, படு கெட்டி. ‘இவருக்கு எல்லாம் தெரியும். எனக்குச் சொல்லித்தரத்தான் உட்கார்ந்திருக்கிறார். வேறு ஏதாவது இருந்தால் காட்டியிருப்பாரே! காட்டவில்லை என்றால் இல்லை.’ வாய்விட்டுச் சொல்லத் தெரியாத வயதில், அந்தக் குட்டி மண்டைக்குள் இப்படி ஒரு தர்க்கம் ஓடுகிறது. எப்படித் தெரியும் என்றால், இன்னொரு கூட்டத்துக்கும் அதே பாடம்தான் நடத்தினார்கள். ஆனால் காட்டி முடித்ததும், “அடடா, ஒன்று எழுத வேண்டும்” என்று டீச்சர் எழுந்து போய்விட்டார். பாடம் முடியவில்லை, இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்று குழந்தைகள் மறுபடியும் துழாவத் தொடங்கிவிட்டார்கள்!

இதற்காகப் பாடமே நடத்தக் கூடாது என்று கிளம்பிவிட வேண்டாம். வாய்ப்பாட்டை ஒவ்வொரு பிள்ளையும் கண்டுபிடித்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் காந்தத்தைக் கையில் கொடுத்து, “இரும்பை ஈர்க்கும், அவ்வளவுதான், எழுதிக்கோ” என்பதற்கும், “நான் பார்த்தது இது, ஹெச்.எம். கூப்பிடுகிறார், வந்துவிடுகிறேன்” என்பதற்கும் ஏகப்பட்ட வித்தியாசம்.

நம் மேல்நிலை வகுப்புகளில் அந்த ‘அவ்வளவுதான்’ உச்சத்துக்குப் போகிறது. நூலில் குண்டைக் கட்டி ஆட்டி, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடும் தனி ஊசல் சோதனையில் விடை 9.8 வர வேண்டும் என்று முன்பே தெரியும். அதனால் ஊசலைத் தொடாமலே அளவீடுகளைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு ரெக்கார்டு நோட்டில் நிரப்பிவிடுகிறார்கள். 9.3 வந்தவன் அதை அப்படியே எழுதி, நூலின் நீளத்தை எங்கே தப்பாக அளந்தான் என்று விளக்கினால் அவனுக்குத்தான் முழு மதிப்பெண் என்று செய்முறைத் தேர்வு விதியை மாற்றலாம். புது ஆய்வகம்கூடக் கட்ட வேண்டாம். இதற்குப் பைசா செலவில்லை.