38 வயதில் வகுப்புப் பிரதிநிதி

குன்னூரில் தொலைநிலைக் கல்வி மாணவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்பு எடுக்கத் தொடங்கி 12 வருடம் ஆகிறது. ஒரே பெஞ்சில் 20 வயதுப் பையனும் அவன் அம்மா வயதுக்காரரும் உட்கார்ந்திருப்பார்கள். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர், அங்கன்வாடி உதவியாளர், தேயிலை பேக்டரியில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டுக் கண் சிவக்க நேராக வகுப்புக்கு வருகிறவர் என்று எல்லா ரகமும் உண்டு.

சில வருடங்களுக்கு முன், வகுப்புக்கு ஒரு பிரதிநிதியை நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். எல்லார் கண்ணும் முன்பெஞ்சுப் பையன் ஒருவன் மேல் போனது. இங்கிலீஷ் பேசுவான், லேப்டாப் வைத்திருந்தான். கைதட்டித் தேர்ந்தெடுத்தாயிற்று. இரண்டே மாதத்தில் திருப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி நெருங்கியபோதுதான் எனக்கே நினைவு வந்து பதறினேன். பார்த்தால், அத்தனை பேரும் கட்டியிருந்தார்கள். கடைசி வரிசையில் உட்காரும் ஒரு அக்கா, கொழுந்து பறிப்பவர், வயது 38, எல்லார் நம்பரையும் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போன் போட்டிருக்கிறார். விசாரித்தால், 9 வருடமாக மகளிர் சுயஉதவிக் குழுவில் ஊக்குநராம். தீர்மான நோட்டு, வங்கிக் கடன், தவணை தவறியவர் வீட்டில் போய்ப் பேசுவது எல்லாம் அத்துப்படி.

"அப்போ நீங்களே நின்னிருக்கலாமேம்மா?"

"நான் என்ன சார், காலேஜ் பிள்ளையா?"

விதிப் புத்தகமும் அதையேதான் கேட்கிறது. கல்லூரி மாணவர் சங்கத் தேர்தலுக்கு அடிப்படையாக இருப்பவை, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையிலான குழுவின் பரிந்துரைகள். 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அவற்றை நடைமுறைப்படுத்தச் சொன்னது. அதன்படி இளநிலை மாணவர் 17 வயது முதல் 22 வரைதான் போட்டியிடலாம். தொழிற்படிப்புகளுக்குக் கொஞ்சம் தளர்வு உண்டு. முதுநிலைக்கு 24, 25. ஆய்வு மாணவருக்கு 28. வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும், அரியர் இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், முழுநேர மாணவராக இருக்க வேண்டும். தொலைநிலையில் படிப்பவர் நிற்கவே முடியாது. படிப்பு என்ற பெயரில் வருடக்கணக்காகக் கல்லூரியிலேயே தங்கி அரசியல் செய்கிறவர்களைத் தடுக்க வயது வரம்பு தேவைதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த வலையில் இந்த அக்காவும் சிக்கிக்கொள்கிறார். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். ஆக, மகள் படிக்கும் பள்ளியின் கழிவறைக்கும் சத்துணவுக்கும் இவர் கேள்வி கேட்கலாம். தான் படிக்கும் படிப்பில் கேட்க இடமில்லை!

சரி, கதவு முழுக்க மூடியிருக்கிறதா என்றால் இல்லை. லிங்டோ விதிகள் சங்கத் தேர்தலுக்கானவை. ஒரு கல்வி மையத்தில் மாணவர்கள் தங்களுக்குள் ஒருவரைப் பேச வைப்பதை அவை தடுக்கவில்லை. அடுத்து, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 குறைதீர்ப்பு விதிமுறைகளின்படி ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அதில் ஒரு மாணவரைச் சிறப்பு அழைப்பாளராக நியமிக்கிறார்கள், ஓராண்டுக்கு. படிப்பு, விளையாட்டு, பிற செயல்பாடுகளில் தகுதி பார்த்துத்தான் நியமனம். வயதைப் பற்றிப் பேச்சில்லை. பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழுவிலும், புகார் மாணவர் சம்பந்தப்பட்டதாக இருந்தால், மாணவர்கள் தேர்ந்தெடுத்த 3 பேர் உட்கார வேண்டும் என்கின்றன 2015 விதிமுறைகள். வயது கூடிய ஒரு பெண் அந்த அறையில் இருப்பது சின்னப் பெண்களுக்கு எவ்வளவு தைரியம் என்பதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

இதில் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பையன் போன பிறகு, 'பெரியவர்தான் சரி' என்று 52 வயதுக்காரர் ஒருவரைப் பிரதிநிதி ஆக்கினேன். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம், தொழிற்சங்கத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். மனுஷர் தங்கம். ஆனால் எஸ்டேட்டில் காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டுப் பெரட்டு எடுப்பதுபோல வகுப்பை நடத்தினார். சின்னவர்கள் வாயே திறக்கவில்லை. "மாமா வயசு சார், எப்படி எதிர்த்துப் பேசறது?" என்று ஒரு பெண் வாசலில் வந்து என்னிடம் முனகினாள். நம் ஊரில் வயதுக்குக் கொடுக்கும் மரியாதை கூட்டத்தில் வாய்ப்பூட்டாகிவிடும், அதை நான் யோசிக்கவில்லை. பெண்கள் என்றால் இன்னொரு வில்லங்கம்: பிரதிநிதி அக்காதான் விழாவுக்குக் கேசரி கிண்ட வேண்டும், பரிமாற வேண்டும், மைக் மட்டும் வேறு யார் கைக்கோ போய்விடும்.

இப்போது 2 பேர் வைக்கிறோம். 30க்கு மேல் ஒருவர், கீழே ஒருவர். 6 மாதத்துக்கு ஒரு முறை மாற்றம். தீர்மான நோட்டைச் சின்னவர் எழுதுவார், பெரியவர் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவார். மகளிர் குழுவில் அந்த அக்கா பழகியதை அப்படியே இங்கே கொண்டுவந்ததுதான், என் மூளை ஒன்றும் இல்லை. கூட்டத்தை வகுப்பு முடிந்த பிறகு போடுவதில்லை. சாயங்காலம் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது யார் உட்கார்ந்து பேசுவார்? மதியச் சாப்பாட்டு நேரத்தில் 20 நிமிடம், அவ்வளவுதான்.

அவர்கள் கேட்டு வாங்கியவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். கீழ்க்கோத்தகிரிப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வந்தாலும் 9 மணிக்குச் சேர முடியாது என்று சொல்லி வகுப்பை 10 மணிக்கு மாற்றினார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டால் அசைன்மென்ட் கொடுக்க ஒரு வாரம் அவகாசம். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்குப் பக்கத்து அறையில் ஒரு பாய், ஒரு ஹீட்டர். இதில் ஒன்றுகூட எனக்கு 9 வருடமாகத் தோன்றவில்லை.

மூத்த மாணவராகப் படித்துக்கொண்டு இதை வாசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தேர்தல் வரும், பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் நிறுவனத்தில் குறைதீர்ப்புக் குழு இருக்கிறதா, அதில் மாணவர் யார், எந்தத் தேதியில் நியமித்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் வாயாலேயே பதில் வரும்.

அந்த அக்கா இப்போது மூன்றாம் ஆண்டு. குறைதீர்ப்புக் குழுவில் எங்கள் மையத்திலிருந்து ஒருவரை எடுக்கச் சொல்லி 41 பேர் கையெழுத்தோடு மனு எழுதினார். ஒப்புகையோடு தபாலில் அனுப்பி 2 மாதம் ஆகிறது, பதில் இல்லை. போன ஞாயிறும் பையை வைத்த கையோடு என் மேஜைக்கு வந்தார்.

"சார், அந்த ஒப்புகை அட்டையைக் கொஞ்சம் குடுங்க. தேதி பாத்துட்டு ரெண்டாவது லெட்டர் எழுதணும்."