டிவியைத் திருப்பினால் பச்சைத் திட்டு விழுவது ஏன்?

முப்பது ஆண்டுகளாக வீட்டிலிருக்கும் பிக்சர் டியூப் கலர் டிவியை, வாஸ்து பார்த்துக் கிழக்குச் சுவரிலிருந்து தெற்குச் சுவருக்கு மாற்றியதும் திரையின் ஓரத்தில் பச்சைத் திட்டு விழுகிறது, டியூப் போய்விட்டதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். டியூப் போகவில்லை. வாஸ்துவில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால், இந்த ஒரு பொருளுக்குத் திசை முக்கியம் என்பதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும்.

டியூபின் பின்கழுத்திலிருந்து புறப்படும் மூன்று எலக்ட்ரான் கற்றைகள், ஏறத்தாழ 25,000 வோல்ட்டால் முடுக்கப்பட்டு, திரைக்குச் சற்றுப் பின்னாலுள்ள ‘ஷேடோ மாஸ்க்’ என்னும் துளைகள் நிறைந்த மெல்லிய எஃகுத் தகட்டை அடைகின்றன. ஒரே துளைக்குள் மூன்றும் சற்றே வெவ்வேறு கோணங்களில் நுழைவதால் சிவப்பு, பச்சை, நீலப் பாஸ்பர்களில் (எலக்ட்ரான் பட்டால் ஒளிரும் பூச்சுகளில்) ஒவ்வொன்றும் தனக்குரியதை மட்டும் தாக்குகிறது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகினாலே நிறம் கெட்டுவிடும். அப்படி விலக்குவதற்குப் பூமியின் காந்தப்புலமே போதும். அதிலும், பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்வதால் (தும்பாவில் 1963இல் ராக்கெட் ஏவத் தொடங்கியதற்கும் அதுவே காரணம்) நம் பகுதியில் அந்தப் புலம் ஏறக்குறையப் படுக்கைவாட்டில் இருக்கிறது. அதன் படுக்கைவாட்டுப் பங்கு லண்டனில் இருப்பதைப் போல இரு மடங்கு.

இதற்கான மருந்து டிவிக்குள்ளேயே இருக்கிறது. மெயின் சுவிட்சைப் போட்டதும் ‘தொம்’மென்று ஒரு சத்தம் கேட்குமே, அதுதான். டியூபைச் சுற்றியுள்ள டீகாஸ் காயில் என்னும் காந்தம் நீக்கும் கம்பிச்சுருளில் அப்போது, திசை மாறி மாறிப் பாயும் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஓடுகிறது. அதனுடன் தொடராக இருக்கும் பாசிஸ்டர் என்ற பீங்கான் வில்லை, குளிர்ந்திருக்கும்போது மின்தடை குறைந்தும், சூடானதும் பன்மடங்கு கூடியும் இருப்பதால், ஓரிரு விநாடிகளில் மின்னோட்டம் தானாகவே தேய்ந்து ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. அந்தத் தேய்வில்தான் சூட்சுமம். அளக்கும் படியில் கொட்டிய அரிசியைக் குலுக்கினால், முதலில் பலமாகவும் பிறகு மெல்லவும் குலுக்கக் குலுக்க, அது ஈர்ப்புக்கு ஏற்பப் படிந்து நிரவுகிறது அல்லவா? தகட்டில் சின்னஞ்சிறு காந்தங்களாக இருக்கும் பகுதிகளான காந்தக் களங்களும் அப்படியே பூமியின் புலத்துக்கு ஏற்பப் படிகின்றன. ஆகவே, தகட்டின் காந்தம் முற்றிலும் அழிவதில்லை. பூமியின் புலம் எலக்ட்ரான்களின் பாதையை எட்டாதபடி தகடும் அதன் உட்கவசமும் அதைத் தம் வழியே இழுத்துக்கொள்ளும் நிலைக்கு வருகின்றன. டிவியைத் திருப்பினால், பழைய திசைக்குப் படிந்த களங்கள் புதிய திசைக்குப் பொருந்துவதில்லை.

பல செட்களில் ரிமோட்டால் அணைத்துப் போட்டால் இந்தக் காயில் இயங்காது. மெயின் சுவிட்சை அணைத்து, பாசிஸ்டர் நன்றாக ஆற அரை மணி நேரம் விட்டுப் போட வேண்டும். திட்டு மிச்சமிருந்தால் இரண்டு மூன்று முறை திரும்பச் செய்யலாம். சத்தமே கேட்காவிட்டால், பாசிஸ்டரின் கால்களில் ஈயப்பற்று விரிசல் விட்டிருக்கும், அல்லது காயிலின் கனெக்டர் கழன்றிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூப் உயர் மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும் என்பதால், மூடியைக் கழற்றுவதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

மெக்கானிக், கையில் பிடிக்கும் டீகாஸ் காயிலைத் திரைமுன் வட்டமாகச் சுற்றி, இரண்டு மீட்டர் வரை மெல்லப் பின்வாங்கி, பக்கவாட்டில் திருப்பிய பிறகே அணைப்பார். ஒருமுறை நான் அவசரப்பட்டுத் திரையருகிலேயே சுவிட்சை விட்டுவிட்டேன். குலுக்கல் பாதியில் நின்றதால், ஓரத்திலிருந்த திட்டு திரை முழுவதும் வானவில்லாகப் பரவியது. மறுபடி முதலிலிருந்து சுற்ற வேண்டியதாயிற்று.