பழைய ரிவோல்வரைத் தூக்கிக்கொண்டு கடைச்சல் பட்டறைக்கு வராதீங்க

போனில் துவக்கின் பாகங்களைப் பிரித்துக் காட்டும் ஒரு படம், துணியில் சுற்றிய ஒரு சாமான், "அண்ணன், இந்தச் சின்னத் துண்டை மட்டும் செய்து தாங்க" என்று ஒரு கெஞ்சல். இப்படி வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். கடைசியாக வந்தவர் களுவாஞ்சிகுடிப் பக்கத்துத் தம்பி. அவருடைய அப்பப்பாவின் பெட்டிக்குள் கிடந்ததாம், முதலாம் உலகப் போர்க் காலத்து வெப்லி என்ற பிரிட்டிஷ் ரிவோல்வர், நடுவில் மடிந்து திறக்கும் வகை. மேசையில் வைத்தபோதே சிலிண்டர் லொடலொடவென்று ஆடியது. உள்ளே பச்சை பூத்த ரவை ஒன்று அப்படியே இருந்தது. அதோடுதான் பஸ்ஸில் மட்டக்களப்பு வரைக்கும் வந்திருக்கிறார்.

எனக்கு எரிச்சல் வருவது அந்தப் படத்தைக் காட்டி "டயகிராம் இருக்குத்தானே" என்று கேட்கும்போது. சரி, ஒரு தடவை விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். அந்தப் படம் எந்தத் துண்டு எதற்குப் பின்னால் உட்காரும் என்று மட்டும்தான் காட்டும். அளவு இருக்காது, எந்த உருக்கு என்று இருக்காது, எவ்வளவு பதம் ஏற்ற வேண்டும் என்றும் இருக்காது. அளவே கிடைத்தாலும் போதாது, ஏனென்றால் அந்தக் காலத்துத் தொழிற்சாலையில் பல பாகங்களை ஒவ்வொரு துவக்குக்கும் தனித்தனியாக அரத்தால் அராவிப் பொருத்தினார்கள். அதே மாதிரித் துவக்கிலிருந்து கழற்றிய அசல் பாகம்கூட இன்னொன்றில் நேரே போய் உட்காரும் என்று சொல்ல முடியாது. சிலிண்டரைச் சுற்றிவிடும் நாக்கு கொஞ்சம் தேய்ந்திருந்தால் ரவை இருக்கும் துளை பரலுக்கு, அதாவது துவக்கின் குழாய்க்கு, நேரே வந்து நிற்காது, அப்போது ரவை பரலின் விளிம்பில் மோதி ஈயத் துணுக்கு பக்கவாட்டில் பறக்கும். பக்கத்தில் நிற்பவனின் கண்ணுக்குத்தான் அது போகும். ஸ்பிரிங்கும் அப்படித்தான்: பதம் கூடினால் உடையும், குறைந்தால் வளைந்தபடியே நிற்கும். சைக்கிள் சாமானை வெட்டிப் போடலாமா என்று கேட்கிறீர்கள், எனக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை.

நூறு வருடத்து சிலிண்டரில் மயிரிழை வெடிப்பு இருந்தால் என் கண்ணுக்கும் தெரியாது.

ரவை விஷயத்தில் இன்னும் மோசம். துவக்கில் .38 என்று ரவையின் விட்ட அளவு பொறித்திருந்தால் எல்லா .38 ரவையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். பிரிட்டிஷ் என்பீல்ட், வெப்லிகளுக்கான .38 வேறு, அமெரிக்க .38 ஸ்பெஷல் வேறு. பழைய .455 வெப்லிகள் சிலவற்றின் சிலிண்டரைப் பின்பக்கம் சீவி, .45 ஓட்டோ ரவை போடுகிற மாதிரி வெளிநாடுகளில் விற்றிருக்கிறார்கள். அந்த ரவையின் அழுத்தம் அந்தத் துவக்கின் உடம்பு தாங்கக் கட்டியதைவிடக் கூட. இதைப் போனில் படித்துவிட்டுப் புத்திசாலித்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

சட்டம் தெரியாது என்கிறவர்களுக்கு: இலங்கையின் 1916ஆம் ஆண்டு 33ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் வைத்திருப்பதை மட்டுமல்ல, விற்பதையும் செய்வதையும் திருத்துவதையும் சேர்த்தே பிடிக்கிறது. துருப்பிடித்தது, சுடாது, பரம்பரைச் சொத்து என்றெல்லாம் சொல்லித் தப்ப முடியாது. அப்பப்பாவிடம் லைசன்ஸ் இருந்திருக்கலாம், அது அவருடைய பெயரில் இருந்தது, அவரோடு முடிந்தது. வயலுக்கு யானை, பன்றி வருகிறதென்று கச்சேரி (மாவட்டச் செயலகம்) மூலம் எடுக்கும் துவக்கு லைசன்ஸையும் இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம். தற்பாதுகாப்புக்கான கைத்துவக்கு பாதுகாப்பு அமைச்சின் விஷயம். 2024 கடைசியில், லைசன்ஸோடு கொடுத்த துவக்குகளையே அமைச்சு திருப்பிக் கேட்டது. அப்படியிருக்க, லைசன்ஸ் இல்லாததுக்கு வெளிநாட்டிலிருந்து தபாலில் பாகம் எடுப்பிக்கிறேன் என்கிறீர்களே, சுங்கத்தில் பொதியைத் திறந்தால் யார் வீட்டு வாசலுக்கு வருவார்கள்?

கம்பியில் கால் தட்டினால் தானே வெடிக்கக் கட்டிவைக்கும் கட்டுத்துவக்குக்குக் குழாய் வெட்டித் தரச் சொல்லி, வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து வருகிறவர்களுக்கும் இதே பதில்தான். பன்றிக்குக் கட்டியது விடியற்காலை வயலுக்குப் போன மனிதனின் காலைத்தான் எடுக்கும்.

இனி, வீட்டில் ஒன்று கிடந்தால் செய்ய வேண்டியது. திறந்து பார்க்க வேண்டாம், விசையை இழுத்துப் பார்க்கவே வேண்டாம், ரவை இருக்கிறதென்றே நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை அந்த அறைப் பக்கம் விடாதீங்க. சாண்ட் பேப்பர் போட்டு மினுக்காதீங்க, துவக்கில் பொறித்த இலக்கம் அழிந்தால் வேண்டுமென்றே அழித்ததாகத்தான் பார்ப்பார்கள். கிணறு வெட்டும்போதோ வளவு கொத்தும்போதோ கிடைத்தால் மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தள்ளிப் போங்க, போர் நடந்த மண், பக்கத்தில் வேறு என்ன கிடக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

சாமானைத் தூக்கிக்கொண்டு பொலிசுக்குப் போகாதீங்க, தம்பிமாரே, தயவுசெய்து. வழியில் மறித்தால் ஒப்படைக்கத்தான் கொண்டுபோனேன் என்று எப்படி நிரூபிப்பீர்கள்? முதலில் வெறுங்கையோடு போங்க, முடிந்தால் ஒரு சட்டத்தரணியோடு, இல்லாவிட்டால் கிராம சேவையாளரைக் கூட்டிக்கொண்டு. பழைய லைசன்ஸ் புத்தகம், அப்பப்பாவின் மரணச் சான்றிதழ் ஏதாவது இருந்தால் எடுத்துப் போங்க. பொலிசே வந்து எடுக்கட்டும், எடுத்ததற்கு எழுத்தில் ஒரு துண்டு கேட்டு வாங்குங்க.