ஃபேடருக்குள் பாட்டு ஓடுவதில்லை

மேடையில் பல மைக்குகளின் ஒலியைக் கலக்கும் கருவிதான் மிக்ஸர்; அதில் சத்தத்தை ஏற்றி இறக்க மேலும் கீழும் தள்ளும் குமிழ்தான் ஃபேடர். அனலாக் மிக்ஸரில் பாடகரின் குரல் மின்சாரமாக ஃபேடருக்குள்ளேயே நுழைந்து வெளியே போகும். ஃபேடரில் தூசி சேர்ந்தால் ஸ்பீக்கர் கரகரக்கும். டிஜிட்டல் மிக்ஸரில் அந்தப் பேச்சே இல்லை. அதிலுள்ள ஃபேடர் டிவி ரிமோட் மாதிரிதான். எந்தச் சேனலை (ஒரு மைக்கின் ஒலி வரும் பாதை) எவ்வளவு வைக்க வேண்டும் என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. யமஹாவின் பிஎம்1டி-யில் (2001) இது கண்ணுக்கே தெரியும்: கை வைக்கும் மேசை தனி, கணக்குப் போடும் பெட்டி தனி.

ஏன் இப்படிப் பிரிக்க வேண்டும்? அவசரம் வேறு வேறு என்பதால்தான். ஒலி நொடிக்கு 48,000 எண்களாக வந்து விழுகிறது. ஓர் எண்ணுக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் 21 மைக்ரோ நொடிதான். அதற்குள் 32 சேனல், சேனலுக்கு நாலு பேண்ட் ஈக்யூ (கட்டை, கீச்சு ஒலிகளைப் பகுதி பகுதியாக ஏற்றி இறக்குவது; ஒரு பகுதி ஒரு பேண்ட்), பேண்டுக்கு 5 பெருக்கல் என்று 640 பெருக்கல் முடிந்தாக வேண்டும். கம்ப்ரஸர் (சத்தம் மிஞ்சாமல் அடக்குவது), மிக்ஸிங் எல்லாம் இதற்கு மேல். ஒருமுறை தவறினாலும் ஸ்பீக்கரில் ‘டக்’ என்று கேட்கும். மனிதக் கைக்கு இந்த அவசரம் கிடையாது. ஃபேடரைத் தள்ளி 20 மில்லி நொடி கழித்துச் சத்தம் ஏறினால் யாருக்குத் தெரியப்போகிறது? அதனால் ஒலிக்கணக்கு டிஎஸ்பி சிப்புகளுக்கு (ஒலியை எண்களாகக் கணக்கிடவே செய்த சிப்புகள்). திரை, பட்டன், ஃபேடர் மோட்டார், நெட்வொர்க் எல்லாம் இன்னொரு ப்ராசஸருக்கு.

ஈக்யூ குமிழை 1,000 ஹெர்ட்ஸிலிருந்து 1,200-க்குத் திருப்புகிறீர்கள். சைன், கொசைன் போட்டு, அந்த பேண்டில் பெருக்க வேண்டிய 5 எண்களைக் கண்டுபிடிக்கும் வேலை பொதுவாகக் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் நடக்கிறது. டிஎஸ்பிக்கு ஹெர்ட்ஸ் என்றால் என்னவென்றே தெரியாது; வந்த ஐந்தையும் வைத்துப் பெருக்கிக்கொண்டே இருக்கும். ஃபேடர் மாற்றத்தையும் அப்படியே சடாரென்று போட முடியாது. படிப்படியாக எகிறும் சத்தம் ‘ஜிர்ர்’ என்று கேட்கும் என்பதால் இடைவெளியை இழைத்துத்தான் ஏற்ற வேண்டும்.

பெஹ்ரிங்கர் எக்ஸ்32 என்ற டிஜிட்டல் மிக்ஸரை டேப்லெட்டிலிருந்து இயக்கும்போது வைஃபையில் ஒலி போவதில்லை. ‘சேனல் 1, மிக்ஸ், ஃபேடர், 0.75’ என்ற அளவிலான சின்னச் செய்திதான் போகிறது. 0.75 என்றால் 0 டெசிபல். மிக்ஸர் அதைத் தன் நினைவில் எழுதிக்கொண்டு, இணைந்திருக்கும் மற்ற டேப்லெட்டுகளுக்கும் சொல்லும். மேசையில் அந்த ஃபேடரை மோட்டார் நகர்த்திவிடும். டேப்லெட்டும் 10 நொடிக்குள் ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் செய்தி வருவது நின்றுவிடும். நடுவில் வைஃபை அறுந்தாலும் பாட்டு நிற்காது. அதே நேரம், டேப்லெட்டை வைத்து ஊளையிடும் மைக்கைக் குறைக்கவும் வழியிருக்காது. மேசையே இல்லாத ரேக் மிக்ஸரை டேப்லெட்டை மட்டும் நம்பி இயக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. கேபிளில் இணைத்த லேப்டாப் ஒன்றாவது பக்கத்தில் இருக்க வேண்டும்.

உண்மையான சிக்கல் ஒரே ஸ்டேஜ் பாக்ஸை (மேடையில் மைக்குகளைச் செருகும் பெட்டி) இரண்டு மிக்ஸர்கள் பகிரும்போது வருகிறது. ஒலியை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் நகலெடுத்துக் கொடுக்கலாம். ஆனால் மைக்குக்கு ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய மின்சாரத்தைப் பெருக்குவது) ஒன்றுதான், அது பெருக்கும் அளவான கெயினும் ஒன்றுதான். மேடையில் இருப்பவர்களுக்குக் கேட்கும் ஒலியைப் பார்த்துக்கொள்ளும் மானிட்டர் இன்ஜினியர் 6 டெசிபல் ஏற்றினால் அரங்கத்திலும் 6 ஏறிவிடும். யமஹாவின் சிஎல் வரிசையில் (2012) கெயின் காம்பன்சேஷன் என்ற வசதியைப் போட்டுவிட்டால், அனலாகில் ஏறிய 6-ஐ ஸ்டேஜ் பாக்ஸே டிஜிட்டலில் கழித்து அனுப்பும்; அரங்கத்தில் அளவு மாறாது. ஆனால் அந்த 6-ல் ப்ரீஆம்ப் கிளிப் ஆகிவிட்டால், அதாவது தாங்காமல் ஒலியின் உச்சி வெட்டுப்பட்டுவிட்டால், கழித்துப் பயனில்லை. சத்தம் குறைவாகவே வரும், பிசிறோடு.