சாரல் நேரத்தில் வண்டி மிஸ் அடித்தால் கார்ப்ரேட்டரில் கை வைக்காதீர்கள்

ஆனி, ஆடி பிறந்துவிட்டால் செங்கோட்டை, புளியரை பக்கம் பழைய வண்டிகளுக்குச் சோதனைக் காலம். ராத்திரி முழுக்கச் சாரலில் நனைந்த சிடி 100, ஸ்பிளெண்டர், ஆர்எக்ஸ் 100 எல்லாம் காலையில் எத்தனை உதை உதைத்தாலும் எழும்பாது. எழும்பினாலும் எஸ் வளைவு ஏறி ஆரியங்காவு போவதற்குள் வெட்டி வெட்டி இழுக்கும். உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்ப்ரேட்டரைத் திறந்துவிடுகிறார்கள். மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் சின்னத் துளையுள்ள பைலட் ஜெட்டைக் கம்பியால் குத்தித் துளையைப் பெரிதாக்கிவிட்டால், மழை விட்ட பிறகும் வண்டி ஒழுங்காக ஓடாது.

ஈரத்தில் மட்டும் வரும் கோளாறு என்றால் முதலில் பார்க்க வேண்டியது பிளக்கின் தலையில் மாட்டும் கேப்பும், காயிலிலிருந்து அதற்குக் கரண்ட் கொண்டுவரும் தடித்த ஹெச்.டி. வயரும்தான். வருஷக்கணக்காகச் சூடு பட்டு ரப்பர் வெடித்திருக்கும். அந்த வெடிப்பில் ஈரம் இறங்கினால் கரண்ட் பிளக் முனைக்குப் போகாமல் இன்ஜின் பாடிக்குத் தாவிவிடும். இருட்டிய பிறகு வண்டியை நியூட்ரலில் ஓடவிட்டு, கேப், வயர், பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் காயில் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். லீக் இருந்தால் கேப்பின் கழுத்திலிருந்து சிலிண்டர் ஹெட்டுக்கு மெல்லிய நீலப் பொறி தெறிக்கும். டிக் டிக்கென்று சத்தமும் கேட்கும். அந்த நேரத்தில் வயரைத் தொடவே கூடாது.

வண்டியை அணைத்துவிட்டுக் கேப்பை இடப்பக்கம் திருகினால் பெரும்பாலான பழைய வண்டிகளில் கழன்றுவிடும். வயர் முனையில் பச்சைக் களிம்பு பூத்திருந்தால் 5 மி.மீ. வெட்டிவிட்டு மறுபடி திருகி ஏற்றுங்கள். வயரே வெடித்திருந்தால் டேப் சுற்றி ஒப்பேற்ற வேண்டாம், மாற்றிவிடுங்கள். ரெசிஸ்டர் உள்ள கேப் மல்டிமீட்டரில் ஏறத்தாழ 5 கிலோ ஓம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லையென்றால் கேப் போய்விட்டது.

அடுத்தது பிளக். கழற்றிக் கேப்பில் மாட்டி, அதன் இரும்புப் பகுதி ஹெட்டில் நன்றாகப் படும்படி, பிளக் துளையிலிருந்து தள்ளி வைத்துக் கிக்கரை உதையுங்கள். துளைக்குப் பக்கத்தில் வைத்தால் வெளியே வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். கேப்பைச் சும்மா தொங்கவிட்டு உதைத்தால் காயிலும், பொறியை இயக்கும் மின்னணுப் பெட்டியான சி.டி.ஐ.யும் அடிவாங்கும். நீலமாகச் சட்டென்று அடித்தால் நல்ல கரண்ட். மஞ்சளாக மங்கி விழுந்தால் போதாது. உதைத்து ஓய்ந்தபின் முனை நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் இல்லை. காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. காய்ந்த கரி படிந்திருந்தால் சோக் மூடியே கிடக்கிறதா, ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளையாக வெளுத்திருந்தால் கார்ப்ரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள ரப்பரில் காற்று இழுக்கலாம். பல வண்டிகளுக்குப் பிளக் முனை இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ.; சி.டி.ஐ.க்குப் பதில் திறந்து மூடும் பாயின்ட் வைத்த பழைய புல்லட்டில் பிளக்குக்கு 0.5-க்குள்ளும் பாயின்ட்டுக்கு 0.35 முதல் 0.40 வரையும், இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜில் வையுங்கள். பிளக்கைத் திரும்பப் போடும்போது கையாலேயே கடைசிவரை ஏற்றிவிட்டு, அதன்பிறகுதான் ஸ்பேனர். அலுமினிய ஹெட்டில் மரை போனால் செலவு பெரிசு.

கரண்ட் சரியாக இருந்தால்தான் பெட்ரோல் பக்கம் போக வேண்டும். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். அந்தக் காலத்து ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் இந்தக் கலவைக்காகச் செய்யவில்லை; அவை ஊறி உப்பும், வெடிக்கும். இன்ஜின் ஆறியதும், பக்கத்தில் நெருப்பு இல்லாத இடத்தில், கார்ப்ரேட்டர் கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் தளர்த்திக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, கொஞ்ச நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் தனி அடுக்காக ஏதாவது நின்றால் டேங்க் பெட்ரோலையும் இறக்கிவிட வேண்டியதுதான். சோக் போட்டால் ஓடி, எடுத்தால் நின்றுவிடும் வண்டிக்குத்தான் பைலட் ஜெட்டைச் சந்தேகிக்கலாம். அதையும் கிளீனர் ஸ்ப்ரேயும் காற்றும் கொண்டு மட்டும் சுத்தம் செய்யுங்கள்.

இன்னும் இரண்டு உண்டு. கொஞ்ச தூரம் ஓடி நின்றுபோய், டேங்க் மூடியைத் திறந்ததும் கிளம்பினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. சூடானதும் நின்று, அரை மணி ஆறியபின் ஓடினால் காயிலையோ, எப்போது பொறி விட வேண்டும் என்று சி.டி.ஐ.க்குச் சொல்லும் பல்சர் காயிலையோ சூடாக இருக்கும்போதே சோதிக்கச் சொல்லுங்கள். ஆறிய காயில் மீட்டரில் நல்லதாகவே காட்டும்.