தாராவின் முதுகு ஏன் மினுங்குவதில்லை?

கனடாவில் தாரா வேட்டைக்குப் போகும் என் மச்சான், பழசாகிப்போன ஆறு பிளாஸ்ரிக் தாராக்களைப் போன வருடம் பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தார். அங்கே இவற்றைத் தண்ணீரில் மிதக்கவிட்டுத்தான் பறந்துபோகும் கூட்டத்தைக் கீழே இறக்குவார்கள். இங்கே இலங்கையில் தாரா சுடுவது சட்டப்படி குற்றம். எனக்கு இவை தேவைப்பட்டது படம் எடுக்க. பெயின்ற் உரிந்து கிடந்தவற்றுக்கு, கேற்றுக்கு அடித்து மிஞ்சிய எனாமலைப் பூசி, தை மாதத்தில் ஒரு காலை வவுனிக்குளத்து அலைகரையில் விட்டேன். நீலச்சிறகி என்ற தாரா வகையின் கூட்டமொன்று தாழ இறங்கி வந்தது. வெயில் ஏறியதும் பொம்மைகளின் முதுகில் உடைந்த கண்ணாடி போல ஒளி வெட்டியது. கூட்டம் அப்படியே திரும்பிப் போய்விட்டது.

மண்ணிறம், சாம்பல், வெள்ளை என்று நிறங்களை நான் சரியாகத்தான் தேர்ந்திருந்தேன். பிழை மினுக்கத்தில் இருந்தது.

பொலிஷ் போட்ட சிவப்புச் சீமெந்துத் தரையையும் சாணி மெழுகிய திண்ணையையும் நினைத்துப் பாருங்கள். தரை வழுவழுப்பானது. அதில் விழும் ஒளி ஒரே திசையில் திரும்புவதால் ஜன்னலின் உருவமே அதில் தெரியும். திண்ணையின் மேடுபள்ளம் ஒளியை நாலாபக்கமும் சிதறடிக்கும். பெயின்றிலும் இதே கதைதான். எனாமலில் பிசின் அதிகம், நிறத்தூள் குறைவு. அதனால் தூளெல்லாம் பிசினுக்குள் மூழ்கி, காய்ந்த பரப்பு கண்ணாடி போல ஆகிவிடும். மினுங்காத பெயின்றில் தூளும் சிலிக்காவும் கூடுதல். அவற்றை மூடிவிடப் பிசின் போதாமல், மணிமணியாக மேலே துருத்தி நிற்கும். தாராவின் இறகும் அப்படித்தான். நடுத்தண்டிலிருந்து இழைகள், அந்த இழைகளிலிருந்து இன்னும் நுண்ணிய இழைகள் என்று பின்னிய பரப்பு அது.

தண்ணீர் பட்டால் என்ன ஆகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நுண்ணிழைகளுக்கு நடுவே காற்று அடைபட்டிருக்கிறது. வாலடிச் சுரப்பியின் எண்ணெயை அலகால் எடுத்துத் தாரா ஓயாமல் கோதிப் பூசிக்கொள்கிறது. ஆகவே தண்ணீர் இறகில் பரவாது, முத்துமுத்தாக உருண்டு ஓடிவிடும். முங்கி எழுந்த தாராவும் மினுங்காமல் இருப்பது இதனால்தான். மினுங்காத பெயின்ற் பூசிய பொம்மையிலோ தண்ணீர் படலமாகப் பரவி, மேடுபள்ளங்களை நிரப்பிவிடும். அந்தப் படலமே புதிய கண்ணாடி. எந்த பெயின்ற் வாங்கினாலும் இது முழுதாகத் தீராது.

அடுத்தது ஒட்டுதல். தண்ணீர்க் கானில் எழுதிய பெயர் ஆறு மாதத்தில் தோலாக உரிவதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலான பொம்மைகளும் அதே பொலித்தீன் வகைப் பிளாஸ்ரிக்தான். அதன் மூலக்கூறுகளில் மின்முனைகள் இல்லை. பெயின்றைப் பிடித்துக்கொள்ள அங்கே கைப்பிடி கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பரவாமல் குண்டாக நின்றால் பெயின்றும் அங்கே நிற்காது. சவர்க்காரம் போட்டுக் கழுவி, உப்புத்தாளால் உரஞ்சி, இந்த வகைப் பிளாஸ்ரிக்குக்கென்று விற்கும் பிரைமரை முதலில் அடிக்க வேண்டும். தொழிற்சாலைகளில் சுவாலையை ஒரு கணம் மேலே ஓட்டுவார்கள். அப்போது பரப்பில் ஒட்சிசன் சேர்ந்து, பெயின்ற் பிடிக்க இடம் உண்டாகும். பழைய மரப் பொம்மையென்றால் உலர்ந்தபடி உரஞ்சாதீர்கள், அந்தக் காலத்துப் பெயின்றில் ஈயம் இருக்கலாம்.

பிரைமருக்கு மேல் எது? என் தேர்வு, வெளிச்சுவருக்கு அடிக்கும் மினுங்காத அக்ரிலிக். எண்ணெய் பெயின்ற் காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து இறுகுகிறது. அந்த இறுக்கம் வருடக்கணக்கில் கூடிக்கொண்டே போய்க் கடைசியில் நொறுங்கும். வன்னி வெயிலில் பிளாஸ்ரிக் பகலில் விரியும், இரவில் சுருங்கும். அக்ரிலிக் அதோடு சேர்ந்து நெகிழ்ந்து கொடுக்கும்.

நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் கண்ணில் நிறம் உணரும் கூம்புகள் மூன்று வகை, பறவைக்கு நான்கு. ஊதாவைத் தாண்டிய ஒளியிலும் ஒரு பங்கு அதற்குத் தெரியும். வெள்ளை பெயின்றில் இருக்கும் தைத்தானியம் டயொக்சைட் அந்த ஒளியை விழுங்கிவிடும். வெள்ளை இறகுகள் பல அதைத் திருப்பி அனுப்புகின்றன. நமக்கு ஒரே வெள்ளையாகத் தெரிவது தாராவுக்கு இரண்டு வெள்ளை. இதற்காக விலைகூடிய பெயின்ற் தேட வேண்டுமா? எனக்குத் தேவையில்லை என்றே படுகிறது. மினுக்கத்தை முதலில் தீருங்கள்.

அமெரிக்காவின் நெவாடாவில் லவ்லொக் குகையில் 1924இல் தோண்டியபோது, ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழைமையான தாராப் பொம்மைகள் கிடைத்தன. நம் குளக்கரைக் கோரை போன்ற ஒன்றைக் கட்டி, நிறம் பூசி, சிலவற்றில் உண்மையான இறகையே செருகியிருந்தார்கள். அவர்களுக்கு மினுக்கம் ஒரு சிக்கலாகவே இருந்திருக்காது.

என் ஆறு தாராக்களையும் உரஞ்சி, பிரைமர் அடித்து, அக்ரிலிக் பூசி, ஒரு கிழமை நிழலில் காயவிட்டேன். மாசிப் பனி பெய்த ஒரு விடியலில் மறுபடி அலைகரைக்குக் கொண்டுபோனேன். வெளிச்சம் வருமுன்னே முதுகுகளில் பனி படிந்து ஈரமாகியிருந்தது. சாரத்தின் நுனியால் ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டுத்தான் தண்ணீரில் இறக்கினேன்.